அப்பாவை வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னு சொல்லிட்டாங்க, கடலூர் பாண்டி பக்கம் ஹாஸ்பிஸ் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரையான்:

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. ராத்திரி ரெண்டரை மணிக்கு திண்ணைல உக்காந்து டைப் பண்றேன், அப்பா இப்பதான் கண் அசந்தாரு.

எங்களுக்கு ரெட்டிச்சாவடி பக்கம். அப்பாவுக்கு 67 வயசு, லாரி ஷெட்ல கணக்கு எழுதிட்டு இருந்தவரு. போன வருஷம் பொங்கலுக்கு அப்புறம் சாப்பிட்டதெல்லாம் வாந்தி, எண்டோஸ்கோப்பி பாத்தா வயித்துல கேன்சர். கீமோ போட்டோம், நடுவுல நல்லாத்தான் இருந்தாரு, பதினெட்டாம் பெருக்குக்கு பேத்திய தோள்ல தூக்கிட்டு ஆத்துக்கு போனாரு. இப்ப ஸ்கேன்ல ஈரலுக்கு பரவிருக்குன்னு வந்துருச்சு. டாக்டர் என்னை மட்டும் வெளிய கூப்ட்டு இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, வீட்டுக்கு கூட்டிட்டு போய் நல்லா பாத்துக்கங்கன்னாரு. நல்லா பாத்துக்கறதுன்னா எப்படின்னு கேக்க வாய் வரல, அதுக்குள்ள அடுத்த பேஷண்ட் உள்ள போயிட்டாங்க. ட்ரமடால் மாத்திரையும் வாந்திக்கு ஒண்ணும் எழுதிக் கொடுத்தாங்க, அவ்ளோதான்.

வலி வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் குத்துதுங்கறாரு. 100 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு நாலுன்னு எழுதிருக்கு, நேத்து அவரு முனகுறத கேக்க முடியாம ஆறு கொடுத்துட்டேன். அம்மா சுகர் பேஷண்ட், அவங்க சேந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்கி பத்து நாள் ஆச்சு.

கூட கீமோவுக்கு வந்த ஒருத்தரு ஹாஸ்பிஸ்னு ஒண்ணு இருக்கு, கடைசி கட்டத்துல இருக்கறவங்கள வலி இல்லாம பாத்துக்கற இடம், காசு வாங்க மாட்டாங்க, விசாரிங்கன்னாரு. வீட்ல சொன்னா அத்தை ஒரே ஆட்டம், பெத்த அப்பனை அநாதை ஆசிரமத்துல தள்ளிட்டான்னு ஊரு பேசும்னு. அண்ணன் சவுதில இருந்து போன் பண்ணி சென்னைல பெரிய ஆஸ்பத்திரில போடு நான் பணம் அனுப்புறேன்னு கத்துறான். மார்ஃபின்னு ஒண்ணு இருக்காமே, எங்க ஏரியா மெடிக்கல் ஷாப்ல கேட்டா அது போதை மருந்து, பழக்கமாயிடும், நாங்க வெக்கறதே இல்லன்னு ஒரு மாதிரி பாத்தான். அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது, அல்சர்னு தான் சொல்லி வெச்சிருக்கோம். எதை முதல்ல செய்றதுன்னே தெரியல. அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்_பாய்ஸ்:

ப்ரோ தைரியமா இருங்க. கை விடாதீங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் டாக்டருங்க கை விரிச்சாங்க, ஒருத்தரு கசாயம் கொடுத்தாரு ஆறு மாசம் ஓடுச்சு. நம்பர் வேணும்னா கேளுங்க. ஹாஸ்பிஸ்லாம் வேணாம் ப்ரோ, அங்க போனா திரும்ப வர மாட்டாங்கன்னு தான் கேள்விப்பட்டேன்.

சிஸ்டர்_ரிட்டையர்டு:

தம்பி கெடிலக்கரையான், முதல்ல அந்த ட்ரமடால். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் தான் உச்சம், அதுக்கு மேல போனா வலி கூட குறையாது, ஃபிட்ஸ் வர வாய்ப்பு இருக்கு. இனிமே ஆறு கொடுக்காதீங்க. உங்க மேல தப்பு இல்ல, தாங்காத வலிக்கு நடுராத்திரி கைல இருக்கறத தானே கொடுப்பீங்க. ஆனா அந்த மாத்திரை பத்தலன்னா அடுத்த மாத்திரைக்கு மாறணும், அதையே ஏத்தக் கூடாது. விடிஞ்சதும் ஆறு கொடுத்த விஷயத்த டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

நான் 31 வருஷம் நர்ஸா இருந்தேன், கடைசி ஒன்பது வருஷம் வலி நிவாரண வார்டு. உலக சுகாதார நிறுவனம் 1986லயே கேன்சர் வலிக்கு படி வெச்சிருக்காங்க. பாராசிட்டமால் மாதிரி ஒண்ணாம் படி, ட்ரமடால் மாதிரி ரெண்டாம் படி, அப்புறம் மார்ஃபின். உங்க அப்பா ரெண்டாம் படில நின்னுகிட்டு மூணாம் படி வலிய தாங்குறாரு.

மார்ஃபின் பழக்கமாயிடும்னு பயம் எல்லார்க்கும் உண்டு, படிச்சவங்களுக்கு தான் கூடுதலா உண்டு. இந்த வலிக்கு டாக்டர் அளவு பாத்து கொடுக்கற மாத்திரைல போதைக்கு அடிமையாகறதுங்கறது ரொம்ப அபூர்வம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராட்டியும், கடிகாரத்த பாத்து கொடுக்கணும். வலி வந்தப்புறம் கொடுத்தா அதைத் துரத்திப் பிடிக்கிற கதை ஆயிடும். முதல் ரெண்டு மூணு நாள் தூங்கிட்டே இருப்பாரு, குமட்டும், பயப்பட வேணாம், அது குறையும். குறையாதது மலச்சிக்கல் தான். மார்ஃபின் எழுதுற அன்னிக்கே பேதி மாத்திரையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்க. நான் பாத்த வரைக்கும் வீட்ல மார்ஃபினை நிறுத்துனவங்க பாதிப்பேரு போதை பயத்துல நிறுத்தல, அஞ்சு நாள் வெளிய போகலன்னு நிறுத்துனாங்க. டோஸ நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம், தட்டி எழுப்பினாலும் முழிக்காத அளவு மயக்கமா இருந்தாலோ மூச்சு ரொம்ப மெதுவானாலோ அடுத்த டோஸ் கொடுக்காம உடனே கூப்பிடுங்க.

மெடிக்கல் ஷாப்ல கிடைக்காததுக்கு காரணம் சட்டம். 1985 போதை மருந்து சட்டத்துல அவ்ளோ கெடுபிடி, ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வெக்க நாலஞ்சு லைசென்ஸ் வாங்கணும். 2014ல திருத்தம் வந்து இப்ப அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரி வெச்சுக்கலாம். அதனால ஷாப் ஷாப்பா அலையாதீங்க. ஜிப்மர்ல கேன்சருக்கு தனி மண்டல மையமே இருக்கு, உங்களுக்கு பக்கம், அங்க போய் பாலியேட்டிவ் ஓபி எந்த நாள்னு கேளுங்க, பாலியேட்டிவ்னா நோயைக் குணமாக்கறதுக்கு இல்லாம வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற சிகிச்சை. கடலூர் ஜிஹெச்லயும் இதே வார்த்தைய சொல்லிக் கேளுங்க, பாலியேட்டிவ்னு. ஹாஸ்பிஸ்னு கேட்டா பாதிப்பேருக்கு புரியாது. பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன், ஆதார் எல்லாம் ஒரு பைல போட்டு ரெடியா வெச்சுக்கங்க. அப்பாவை ஆட்டோல தூக்கிட்டு போகணும்னு இல்ல, முதல் தடவை நீங்க மட்டும் பேப்பரோட போய் பேசிப் பாருங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு ரெட்டிச்சாவடின்னா தமிழ்நாடு அட்ரஸ் தானே? அப்ப மக்களைத் தேடி மருத்துவம் உங்களுக்கு வரும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கு கொண்டு வராங்கன்னு தான் எல்லாரும் நினைக்கறாங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாக்க பாலியேட்டிவ் நர்ஸ், பிசியோ எல்லாம் அதுல உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க. நீங்க கொஞ்சம் தள்ளி கன்னியக்கோயில்ல இருந்திருந்தா இது கிடையாது, அது பாண்டி கணக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறதுல ஒரு லாபம்.

நெல்லிக்குப்பம் தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஈரல்ல கட்டி இருக்கறவருக்கு என்ன இருக்குன்னே தெரியாத கசாயம் கொடுத்தா இருக்கற நாலு நல்ல நாளும் வாந்திலயே போயிடும்.

முத்தியால்பேட்டை_ராசா:

தம்பி உங்க பதிவ படிச்சதும் மூணு வருஷம் முன்னாடி நான் இருந்த நிலைமை அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. என் வீட்டம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் புற்று. ஊரு பேசும்னு அத்தை சொல்றாங்கல்ல, எங்க வீட்ல அதை சொன்னது வேற யாரும் இல்ல, நானே தான். பொண்டாட்டிய ஹோம்ல விட்டவன்னு பேரு வரக்கூடாதுன்னு நாலு மாசம் வீட்லயே வெச்சு பாத்தேன், பாத்தேன்னா என்ன பாத்தேன், ஒண்ணும் தெரியாது, முதுகுல புண்ணு வந்து கை அளவு ஆழமா போச்சு, வாடை தாங்காம சொந்தக்காரங்க வாசல்லயே நின்னு பேசிட்டு போவாங்க, அது அவளுக்கு தெரியும், புண்ணு வலிய விட அது தான் அவளை கொன்னுச்சு.

கடைசில அவ அண்ணன் தான் சண்டை போட்டு சென்னை மாத்தூர்ல ஜீவோதயாவுக்கு கூட்டிட்டு போனாரு. மணலி பக்கம். கேன்சர் நோயாளிங்களுக்குன்னே இருக்கற இடம், இலவசம். எனக்கு மனசுல இருந்த படம் என்னன்னா இருட்டு ஹால்ல வரிசையா கட்டில், யாரும் பேசாம கிடப்பாங்கன்னு. போனா ஜன்னலைத் திறந்து வெச்சு வெளிச்சமா இருக்கு, ஒரு அம்மா உக்காந்து பூ கட்டிட்டு இருக்கு. புண்ணுல மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடி பண்ணித் தூவி கட்டு போட்டாங்க, அதே நம்ம வயித்துப்போக்குக்கு சாப்பிடற மாத்திரை தான், சில நாள்லயே வாடை போயிடுச்சு. நாலு மாசம் ஊதுபத்தி கொளுத்தி வெச்சவன் நான். தலையில அடிச்சுக்கிட்டேன்.

திரும்ப வர மாட்டாங்கன்னு மேல ஒருத்தர் எழுதிருக்காரு. என் வீட்டம்மா வந்தா. வலி அடங்கி, புண்ணு காஞ்சு, 18 நாள் கழிச்சு வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். புண்ணு கட்டவும் புரட்டிப் போடவும் எனக்கே சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க. அப்புறம் ஏழு வாரம் வீட்ல இருந்தா, வீட்ல தான் போனா. ஹாஸ்பிஸ்ல போய் சேந்துட்டு வர்றது உண்டு, வீட்டுக்கு ஆள் வந்து பாக்கறது உண்டு, வீட்ல பாக்கறவங்க ஒரு வாரம் தூங்கி எந்திரிக்கட்டும்னு நோயாளிய மட்டும் சேத்துக்கறதும் சில எடத்துல உண்டு. உங்க அம்மாவுக்கு கடைசியா சொன்னது தான் தேவைன்னு தோணுது.

பெங்களூர்ல கருணாஷ்ரயான்னு ஒண்ணு இருக்கு, அதுவும் காசு வாங்கறதில்ல. இந்தியாவுலயே முதல் ஹாஸ்பிஸ் பம்பாய்ல 1986ல டாக்டர் டிசோசா ஆரம்பிச்சாருன்னு ஜீவோதயாவுல தான் சொன்னாங்க. கேரளாவுல கோழிக்கோட்டுல 1993ல டாக்டர் ராஜகோபால் இவங்கெல்லாம் சேந்து ஆரம்பிச்ச பாலியேட்டிவ் சேவை இன்னிக்கு ஊருக்கு ஊரு தன்னார்வலருங்க வீட்டுக்கே போய் பாக்கற அளவு வளந்துருச்சு, நம்ம பக்கம் ஏன் அந்த மாதிரி வரலன்னு எனக்கு ஒரு ஆதங்கம். மீன் கடை வெச்சிருக்கறவரு, ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் அதுல இருக்காங்களாம். இங்க நாம துக்கத்துக்கு கூட்டமா போவோம், அதுக்கு முந்தின ரெண்டு மாசம் எட்டிப் பாக்க மாட்டோம்.

அண்ணன் விஷயம். வெளிநாட்டுல இருக்கற பிள்ளைக்கு குற்ற உணர்ச்சி, அது பணமா வெளிய வருது. திட்டாதீங்க. வீடியோ கால்ல அப்பா முனகுறத ஒரு ராத்திரி காட்டுங்க போதும்.

கெடிலக்கரையான்:

சிஸ்டர், ராசாண்ணே ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து பேப்பரோட போனேன். பாலியேட்டிவ்னு கேட்டேன், நாலு ரூம் மாத்தி அனுப்புனாங்க, ஆனா அஞ்சாவது ரூம்ல ஒரு மேடம் உக்கார வெச்சு முக்கா மணி நேரம் பேசுனாங்க. இந்த வருஷத்துல எங்கிட்ட ஒரு டாக்டர் அவ்ளோ நேரம் பேசுனது அது தான் முதல். மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை, நீங்க சொன்ன மாதிரியே பேதி மாத்திரையும், ட்ரமடால நிறுத்தச் சொல்லிட்டாங்க.

ரெண்டு சந்தேகம். அப்பா சாப்பாடே இறங்கலங்கறாரு, ரெண்டு ஸ்பூன் கஞ்சியோட வாய மூடிக்கறாரு. அம்மா மூக்கைப் பிடிச்சு ஊட்டாத குறை, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்து, பட்டினி போட்டு கொல்றியான்னு அழுவுறாங்க. அப்புறம் இன்னிக்கு அப்பாவே கேட்டாரு, டேய் அல்சருக்கா இவ்ளோ மாத்திரைன்னு. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். என்ன சொல்றது?

சிஸ்டர்_ரிட்டையர்டு:

சாப்பிடாததால நோய் முத்தல தம்பி, நோய் முத்துனதால சாப்பிட முடியல. அம்மாகிட்ட இதை பொறுமையா சொல்லுங்க. உடம்பு மூட்டை கட்ட ஆரம்பிச்சா அதுக்கு பசி இருக்காது. திணிச்சா புரையேறி நெஞ்சுக்குள்ள போகும். இந்த நிலைமைல பாட்டில் பாட்டிலா குளுக்கோஸ் ஏத்துனா கால் வீங்கும், நெஞ்சுல சளி மாதிரி நீர் சேந்து மூச்சு தான் திணறும். வேணும்னு அவரா கேக்கறத, கேக்கற நேரத்துல, கேக்கற அளவு. நாக்குல ரெண்டு சொட்டு காபியா, சரி. ஊட்டறது தான் அம்மாவுக்கு தெரிஞ்ச அன்பு, அதைப் புடுங்கிட்டா அவங்க கை சும்மா இருக்காது, அதனால வேற வேலை கொடுங்க. பஞ்சை தண்ணில நனைச்சு வாயைத் துடைச்சு விடறது, உதட்டுக்கு வெண்ணெய் தடவறது, கால் பிடிச்சு விடறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சு புரட்டிப் போடணும், அது உங்க வேலை, ராசா சார் வீட்டு கதை உங்க வீட்ல வரக்கூடாது.

அப்பா கேட்டதுக்கு வரேன். அவருக்கு தெரியும் தம்பி. கீமோ வார்டுல பல தடவை படுத்துட்டு வந்தவருக்கு, அதுவும் கணக்கு எழுதுனவருக்கு, தெரியாதா? நீங்க அழுவீங்கன்னு அவரு கேக்கல, அவரு உடைஞ்சிடுவாருன்னு நீங்க சொல்லல. நான் வார்டுல இந்த நாடகத்த வாரத்துக்கு நாலு தடவை பாத்துருக்கேன். ஒரேடியா போட்டு உடைக்க வேணாம். அடுத்த தடவை கேட்டா எந்திரிச்சு போகாம, நீங்க என்னன்னு நினைக்கறீங்கப்பான்னு திருப்பிக் கேளுங்க, கேட்டுட்டு சும்மா இருங்க. மீதிய அவரே பேசுவாரு. பேசலன்னா விட்டுருங்க, தெரிஞ்சுக்க வேணாம்னு நினைக்கறதும் அவரு உரிமை.

கோர்ட்டுக்காரன்:

சட்டம் மட்டும் சொல்லிட்டு போறேன். வெண்டிலேட்டர் வேணாம்னு நோயாளி முடிவு பண்றது குற்றம் இல்ல, உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்புல கௌரவமா சாகறது அடிப்படை உரிமைன்னு சொல்லிருச்சு. முன்கூட்டியே எழுதி வெக்கணும்னா 2023ல நடைமுறைய சுலபமாக்கிட்டாங்க, ரெண்டு சாட்சியோட நோட்டரி இல்ல கெசட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்து போட்டா போதும். இன்னொண்ணு, கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், இறப்பு வீட்ல நடந்தா 21 நாளைக்குள்ள பதியணும், கிராமம்னா விஏஓ கிட்ட. டிஸ்சார்ஜ் சம்மரிய தூக்கிப் போட்டுறாதீங்க, கடைசியா பாத்த டாக்டர்கிட்ட காரணம் எழுதி வாங்க அது வேணும். பேங்க், எல்ஐசி எல்லாத்துக்கும் அந்த சர்டிபிகேட் தான்.

அப்புறம் ஒரு கூத்து தெரியுமா, மார்ஃபின் எடுக்கறதே அபின்ல இருந்து தான், அதை சட்டப்படி விளைவிக்கற சில நாட்டுல நம்மளும் ஒண்ணு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உபில வயலே இருக்கு, நீமச்லயும் காஜிப்பூர்லயும் சர்க்கார் ஆலை இருக்கு. அப்படி இருந்தும் ரெட்டிச்சாவடில ஒருத்தருக்கு மார்ஃபின் மாத்திரை வாங்க அஞ்சு ரூம் ஏறணும்.

நெல்லிக்குப்பம்_பாய்ஸ்:

சாரி ப்ரோ, தெரியாம சொல்லிட்டேன். மாமா கடைசி மாசம் ரொம்ப கஷ்டப்பட்டாரு, வலிக்கு மாத்திரை இருக்குன்னே எங்களுக்கு தெரியாது. எனக்கு டாடா ஏஸ் இருக்கு, அப்பாவை எங்கயாவது கூட்டிட்டு போகணும்னா ராத்திரி ஆனாலும் கூப்பிடுங்க, டீசல் காசு கூட வேணாம்.

கெடிலக்கரையான்:

பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். மார்ஃபின் மூணாவது நாளே பிடிச்சுருச்சு. அன்னிக்கு ராத்திரி அப்பா பத்து மணிக்கு படுத்தவரு நாலு மணி வரைக்கும் தூங்கினாரு, நான் பயந்து போய் ரெண்டு தடவை மூக்குல கை வெச்சு பாத்தேன். அம்மாவும் தூங்கிட்டாங்க, கீழ பாய்ல, அவரு கட்டில் காலைப் பிடிச்சுகிட்டே. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து நர்ஸ் அக்கா ரெண்டு தடவை வந்துட்டாங்க, இடுப்புல லேசா செவந்திருக்கு, புண்ணு ஆகறதுக்குள்ள கவனிக்கணும்னாங்க.

சிஸ்டர் சொன்ன மாதிரி திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் விட்டத்த பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சீட்டுக் கட்டின நோட்டு பீரோல மேல் தட்டுல இருக்கு, யாருக்கு எவ்ளோ தரணும்னு எழுதி வெச்சுட்டேன், கீமோ ரெண்டாவது தடவை போனப்பவே எழுதிட்டேன்னாரு. அவ்ளோதான் பேசுனாரு. அத்தை வந்தாங்க, அவங்ககிட்ட அவரே, என்னை எங்கயும் தள்ளல, ஆஸ்பத்திரி தான் வீட்டுக்கு வருதுன்னு சொன்னாரு. அண்ணன் டிக்கெட் போட்டுட்டான், வர்ற வெள்ளி.

ஞாயித்துக்கிழமை தேவனாம்பட்டினம் பீச்சுக்கு போகணும்ங்கறாரு, காத்து வேணுமாம். நெல்லிக்குப்பம் ப்ரோ, டாடா ஏஸ் நெஜமாவே கிடைக்குமா? பின்னாடி மெத்தை போட்டு படுக்க வெச்சு மெதுவா ஓட்டணும். நர்ஸ் அக்கா ஏர் பெட் ஒண்ணு பாருங்கன்னாங்க, கடைல விலை கேட்டேன், இப்ப முடியாது.

முத்தியால்பேட்டை_ராசா:

ஏர் பெட் எங்க வீட்டு பரண்ல தான் தம்பி கிடக்கு, மோட்டாரும் ஓடுது, நேத்து போட்டு பாத்தேன். விக்க மனசு வராம கொடுக்கவும் மனசு வராம மூணு வருஷமா வெச்சிருந்தேன். அந்தத் தம்பி வண்டி ஞாயித்துக்கிழமை வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் பாண்டி பக்கம் வந்தா ஏத்திக்கலாம். இல்லன்னா நானே பஸ்ல போட்டு ரெட்டிச்சாவடி ஸ்டாப்ல இறங்கிக்கறேன், எந்த நேரம்னு மட்டும் சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்_பாய்ஸ்:

ராசாண்ணே பஸ்லலாம் வேணாம். சனிக்கிழமை வில்லியனூருக்கு லோடு இருக்கு, திரும்புறப்ப முத்தியால்பேட்டை வந்து எடுத்துக்கறேன். ப்ரோ, ஞாயிறு காலைல அஞ்சரைக்கு வரட்டா? வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்.

கெடிலக்கரையான்:

அஞ்சரை சரி ப்ரோ. அடுத்த மாத்திரை ஆறு மணிக்கு, கைல எடுத்துக்கறேன்.